பன்னிரண்டாவது குரல்

மூன்று நாளாகக் கொட்டிய பனி கமிஹொரோ ஊரில் எல்லார் கூரை மேலும் இடுப்பளவு நின்றது. பழைய ரயில் நிலையத்தின் பின்புறம் நிற்கும் பனி வீசும் வண்டியின் மேல் மட்டும் ஒரு பிடி கூட இல்லை.

டிக்கெட் மேசைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றிவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் பூத்திருந்த உறைபனியைக் கையுறையால் தேய்த்தபோதுதான் நொபுயோ அதைப் பார்த்தாள். ரயில் நின்றுபோன பிறகு நிலையம் அருங்காட்சியகமாகிவிட்டது; டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. பார்ப்பதற்கு இருப்பது பின்புறம் நிற்கும் ஐந்து வண்டிகள்தான். முன்னால் ஒரு நீராவி எஞ்சின். அதன் பின்னால், இரண்டு இரும்புக் கைகளை விரித்து ஓரத்துப் பனியைத் தண்டவாளத்துக்கு இழுக்கும் வாரும் வண்டி. இழுத்த பனியை ஆள் உயரச் சக்கரத்தின் கத்திகளால் அள்ளித் தூர எறியும் வீசும் வண்டி. அதைத் தள்ள இன்னொரு எஞ்சின். கடைசியில் ஆட்கள் தங்கும் பெட்டி. ஆயுள் முழுக்கப் பனியோடு மல்லுக்கட்டிய வண்டிகளுக்கு இப்போது பனியைக் கண்ணில் காட்டுவதில்லை. நவம்பரிலேயே பச்சைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிடுவார்கள், ஏப்ரலில்தான் அவிழ்ப்பார்கள். குளிர்காலம் முழுக்க அங்கே ஒரு நீண்ட வெள்ளை மேடுதான் கிடக்கும்.

இன்று அந்த மேட்டின் நடுவில், சரியாக ஒரு வண்டியின் நீளத்துக்குப் பச்சை தெரிந்தது. கீழே கருங்கல் ஜல்லி ஈரமாக மின்னியது.

“காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும், நொபுயோ-சான்” என்றான் குனிஹிக்கோ. அருங்காட்சியகப் பொறுப்பாளன். சாவு வீட்டிலும் ஒரு ஜோக் சொல்லாமல் இருக்க மாட்டான். “இல்லன்னா வண்டிக்கே பொறுக்காம எந்திரிச்சு வேலையப் பாத்திருக்கும். நம்ம நகராட்சி ஆளுங்களவிட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தி.”

நொபுயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுக்கு ஐந்து வண்டிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தெரியுமா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதையே அவள் தவிர்த்து வந்தாள். போன ஜனவரியில், தார்ப்பாயின் கயிறு அறுந்து படபடக்கிற சத்தம் கேட்கிறது, ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போன அவள் கணவர் தெட்சுரோ திரும்பி வரவில்லை. வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான், கூப்பிடு தூரம். கண் மண் தெரியாத புயல். மறுநாள் ஊரே நீண்ட கம்பிகளோடு வரிசையாக நின்று பனியைக் குத்திக் குத்தித் தேடியது. ஏப்ரலில் பனி உருகி, யார் யாருடைய தொலைந்த பொருளையோ திருப்பிக் கொடுத்தது. ஒரு சைக்கிள், ஒற்றைக் கையுறைகள், செத்த நரி. அவரைக் கொடுக்கவில்லை.

அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியாதவரை அழவும் முடியவில்லை, காத்திருப்பதை நிறுத்தவும் முடியவில்லை. ஒரு வருடமாக அவள் வாழ்வது அப்படித்தான்.

அன்று மாலை, வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்த நேரத்தில், குப்பைக் கூடையைக் கொட்டப் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். காற்று இல்லை. பனி விழும் சத்தம் என்று சொல்ல ஏதும் இல்லை, மற்ற எல்லாச் சத்தங்களையும் யாரோ பஞ்சால் அடைத்துவிட்ட மாதிரி ஒரு கனம்தான். அந்தக் கனத்துக்கு அடியில் நிலக்கரிப் புகையும் ஈரக் கம்பளித் துணியும் கலந்த வாசனை வந்தது. அதன் பின்னால், தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து, யாரோ ஒரு ஆள் கரகரத்த குரலில் சொன்னது கேட்டது.

“ஒண்ணு.”

“ரெண்டு.” இது வேறு குரல். பிறகு மூன்று, நான்கு. ஆண் குரல்கள், பெண் குரல்கள், களைத்த குரல்கள். அவள் கூடையைக் கீழே விட்டாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, அடுப்பின் முன் குந்தி, காதைப் பொத்திக்கொண்டாள். எது வரை எண்ணினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. பதினொன்றோடு நின்றுவிடும், பன்னிரண்டு வராது என்று ஊரில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும்.

போர் முடிந்த காலத்து வேலை முறை அது. வண்டி வருமுன் கூலியாட்கள் தண்டவாளத்தில் இறங்கி, இரு பக்கமும் சுவராய் எழும்பிய பனியைப் படிப்படியாக வெட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புக் கைகளுக்குப் பனி சிக்காது. வெட்டி முடித்ததும் எல்லோரும் மேலேறி, வரிசையில் நின்று, தத்தம் எண்ணைக் கத்த வேண்டும். எண்ணிக்கை நிறையாமல் விசில் ஊதக் கூடாது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் ஒரு நாள் கடைசிப் பெண் வரவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவள், பனிச்சுவரில் குடைந்திருந்த பொந்தில் சற்று உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். இதோ வந்துவிடுவாள், பாவம், வேலை போய்விடக் கூடாதே என்று பக்கத்தில் நின்ற தோழி தன் எண்ணைச் சொன்ன கையோடு, குரலை மாற்றி அவள் எண்ணையும் சொன்னாள். விசில் ஊதியது. வாரும் வண்டி கைகளை விரித்துக்கொண்டு போனது. பின்னால் வீசும் வண்டி போனது. அன்று வயலில் போய் விழுந்த பனி வெள்ளையாக இல்லை என்பார்கள். அதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குழுவில் இப்போது ஒருவரும் உயிரோடில்லை.

அதனால்தான் ஒவ்வொரு நவம்பரிலும், தார்ப்பாயின் கடைசி முடிச்சுக்கு முன், உள்ளே யாரும் அகப்பட்டுக்கொள்ளாதிருக்கப் பராமரிப்புக் குழுவினர் தங்களை எண்ணிக்கொண்ட பிறகு, தலைவர் “பன்னெண்டு?” என்று ஒரு முறை கேட்பார். ஒரு மூச்சு நேரம் எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சும்மா நிற்பார்கள். அந்த மௌனம் அவளுக்கு உரியது. யாரும் வாய் திறக்கக் கூடாது. காணாமல் போவதற்கு முந்தைய நவம்பரில், அந்தப் பராமரிப்புக் குழுவில் இருந்த தெட்சுரோ வாயைத் திறந்துவிட்டார். “இருக்கேன்” என்று தெளிவாகச் சொன்னார். நின்றவர்களின் முகம் செத்துப்போனது.

வீடு திரும்பும் வழியெல்லாம் நொபுயோ அவரைத் திட்டினாள். “என்னங்க இது விளையாட்டு?”

“விளையாட்டு இல்லடி” என்றார் அவர். “எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே நிக்கிறோம். அந்தப் பொண்ணுக்காக யாராச்சும் ஒரு தடவ பதில் சொன்னா என்ன குறைஞ்சிடும்? எனக்கு மனசு கேக்கல.”

அவருக்கு எப்போதும் மனசுதான் கேட்காது. அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு மகள் சாவோரி மிசோ என்ற சோயா விழுது போட்டு சால்மன் மீன் சூப் வைத்திருந்தாள். சப்போரோவில் நர்ஸ் வேலை. அப்பா போய் ஒரு வருடம் ஆவதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். நொபுயோ வழக்கம்போல மூன்றாவது கிண்ணத்தில் சூடாகச் சோறு வைத்து, மூடி போட்டு, தெட்சுரோ உட்காரும் இடத்தில் வைத்தாள். தூரத்தில் இருக்கிறவருக்கு வைக்கிற சோறு. சாப்பிட்டு முடித்து மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர் கோத்திருக்க வேண்டும். கோத்திருந்தால் அவர் எங்கோ நலமாக இருக்கிறார். ஒரு வருடமாகத் தினமும் கோத்துத்தான் இருந்தது.

“அம்மா, நான் பெருசா ஒண்ணும் கேக்கல” என்றாள் சாவோரி. “ஒரு ஃபோட்டோவ எடுத்து பூஜை அலமாரியில வைக்கலாம். கோயில்லேர்ந்து குருவைக் கூப்பிட்டு ஒரு மந்திரம் சொல்லச் சொல்லலாம். அப்பாவ எத்தனை நாளைக்கு வெளியிலயே நிக்க வெப்ப?”

“மூடி வேர்க்குதுடி.”

“சூடான சோறுமா. வேர்க்காம என்ன பண்ணும்?” சாவோரி கையை நீட்டி மூடியை எடுத்து, உள்பக்கத்தை அம்மா பக்கம் திருப்பினாள்.

சோற்றிலிருந்து ஆவி எழுந்து மகளின் முகத்தில் படிந்துகொண்டிருந்தது. மூடி உலர்ந்திருந்தது. நொபுயோ விரலால் தடவிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்த பாத்திரம்போல இருந்தது, ஆனால் தொட முடியாத அளவுக்குச் சில்லென்று இருந்தது. சாவோரி மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, சூப்பை இறக்கப் போவதுபோல எழுந்து போனாள்.

படுக்கையை விரிக்கும்போது நொபுயோ சொன்னாள். “சிரிச்ச மாதிரி ஒண்ணு இருக்கு பாரு, மீன் பிடிக்கப் போனப்ப எடுத்தது. அத வெச்சிடலாம்.” சொன்ன பிறகு, அவரைத் தன் கையாலேயே கதவுக்கு வெளியே தள்ளித் தாழிட்ட மாதிரி இருந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்தில் அது முதல் அழுகை.

மறுநாள் மதியத்துக்குள் புயல் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே முதலில் சாலை போனது, பிறகு கொடிக்கம்பம், பிறகு எதுவுமே இல்லை. குனிஹிக்கோ பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பினான். “யாரும் வரப் போறதில்ல, பூட்டிடுங்க. அந்த வண்டிங்கள யாராவது திருடிட்டுப் போனா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க, அவன் தெம்பைப் பாராட்டணும்.” கதவருகில் நின்று, ஜோக்கெல்லாம் இல்லாமல், “நடந்து மட்டும் போயிடாதீங்க, நொபுயோ-சான்” என்றான்.

சாவோரியும் ஃபோனில் அதையேதான் சொன்னாள். “கார் எடுத்துட்டு வர்றேன். அது வரைக்கும் வெளிய கால வெக்காத.” நொபுயோ சரி என்றாள். வைக்கத்தான் போவதில்லை என்று நினைத்தாள்.

அடுப்பு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டுச் சந்தில் காற்று ஊளையிட்டது, ஜன்னல் சட்டங்கள் வெவ்வேறு இடங்களில் மாறி மாறித் தட்டின, அடுப்பின் நீலச் சுடர் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எழுந்தது, அதனுடைய மண்ணெண்ணெய் நெடிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு வாசனை, நிலக்கரியும் நனைந்த கம்பளியும், கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அவள் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். ரேடியோவைப் போட்டாள். இரைச்சல்தான் வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளே யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

“ஒண்ணு.”

ரேடியோவை அணைத்தாள். குரல் அணையவில்லை. பின்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ரெண்டு. மூணு. நாலு. இந்த முறை காதைப் பொத்தக் கை எழவில்லை. அவசரமே இல்லாமல் எண்ணினார்கள். ஒவ்வொரு குரலிலும் அடுத்தவருக்காகக் காத்திருக்கும் ஒரு இடைவெளி இருந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று ஒரு பெண் குரல், உடைந்த குரல், எண்ணாகச் சொல்லாமல் யாருடைய காலிலோ விழுந்து கெஞ்சுவதுபோலச் சொன்னது. இனி மௌனம்தான். நொபுயோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சின்ன இருமல் கேட்டது. இருமலின் வாலில் ஒரு சிரிப்பு. முப்பது வருடமாக அவள் பக்கத்துப் படுக்கையில் கேட்ட இருமல்.

“பன்னெண்டு.”

அவள் எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள், எப்போது பூட்ஸை மாட்டினாள் என்று தெரியாது. பின்கதவைத் திறந்ததும் பனி முகத்தில் அறைந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டுக்குப் பிறகு குரல் இல்லை. ஆனால் எண்ணிக்கை முடிந்துவிட்டதாகவும் இல்லை. அங்கே எல்லோரும் இன்னொருவருக்காகக் காத்திருந்தார்கள். பொந்தில் தூங்கிப்போன அந்தப் பெண்ணுக்காக. அவர் பதில் சொன்ன பிறகும் அவள் வரவில்லை. அவள் இடம் ஒரு எண் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சட்டத்தை விட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே போனாள். சுவர் முடிந்ததும் மேடைக் கம்பி. கம்பி முடிந்ததும் ஒன்றுமில்லை. வெள்ளைக்குள் கையை நீட்டி நடந்தாள். பனி சட்டென்று நின்றது. தலைக்கு மேல் சுழன்றது, அவள் மேல் விழவில்லை. காலடியில் ஈர ஜல்லி. எதிரே தார்ப்பாய். அது மெல்லப் புடைத்து, மெல்ல அமுங்கியது. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் கன்னத்தில் பட்டது.

“பதினொண்ணு.”

“பன்னெண்டு.”

ஒரு கை தூரத்தில்.

“என்னங்க” என்று சொல்ல வந்ததை விழுங்கினாள். கையுறையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். பேசக் கூடாது. பேசினால் தானும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் பிறந்தவள் அவள். தெரிந்தேதான் நின்றாள். அவர் குரலில் குளிர் நடுங்கியது. மழையில் நனைந்து வந்து வாசலில் நின்று துண்டு கேட்பாரே, அந்தக் குரல். அடுத்த சுற்றில் இன்னும் மெலிந்திருந்தது. அதற்கடுத்த சுற்றில், எண்ணைச் சொல்லிவிட்டு, யாருக்கும் கேட்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“குளிருதுடி.”

நேற்று இரவு அவர் ஃபோட்டோவைத் துடைத்து வைத்தவள் அவள்தான். இவ்வளவு பக்கத்தில், ஒரு துணிக்கு அந்தப் பக்கத்தில், ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்திருக்கிறார். கம்பியால் குத்திக் குத்தி எங்கெங்கோ தேடினார்கள். சாவோரி நினைவுக்கு வந்தாள். கார். சாலை. வரட்டும், அவள் வந்துவிடட்டும் என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். மறு நொடி வேண்டவில்லை.

“பன்னெண்டு.”

மௌனம்.

கையுறையை வாயிலிருந்து எடுத்தாள்.

“இருக்கேங்க” என்றாள்.

விசில் ஊதியது.

கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. தார்ப்பாய் எழும்பிப் புயலுக்குள் போனது. வண்டிகளின் கரிய உடம்புகள் ஆவி கக்கி நின்றன. வாரும் வண்டியின் இரும்புக் கைகள் இரண்டு பக்கமும் விரிந்தன. பனிச்சுவர்கள் உள்ளே வந்தன. அவளும் உள்ளே வந்தாள். எதிரே பெரிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. மெதுவாக. பிறகு கத்திகள் தனித்தனியாகத் தெரியவில்லை. வலி என்று ஒன்று வந்தது. நீண்ட நேரம் இருந்தது. பிறகு அவள் வெகு உயரத்தில் இருந்தாள். பிறகு வெள்ளை.

பிறகு அவள் வரிசையில் நின்றாள்.

எதிரே பனி. பின்னால் வண்டிகள், பச்சைத் தார்ப்பாயில், கட்டு குலையாமல். தோளோடு தோளாக ஆட்கள். பக்கத்தில் தெட்சுரோ நின்றார். அன்று போட்டுக்கொண்டு போன அதே கோட்டு. அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கன்னத்தில் பனி படிந்து உருகாமல் இருந்தது. கையைத் தேடிப் பிடித்தாள். அவளுடைய கையைவிடச் சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. அவளுக்கு வலது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தோழியின் எண்ணையும் சேர்த்துச் சொன்ன பெண் தெட்சுரோவுக்கு அந்தப் பக்கம் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே சொன்னாள்.

“பதினொண்ணு.”

“பன்னெண்டு” என்றார் தெட்சுரோ.

நிலையத்தின் பக்கம் இரண்டு விளக்குகள் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றன. கார் கதவு சாத்தும் சத்தம். யாரோ கதவைத் தட்டினார்கள், உள்ளே ஓடினார்கள், பின்கதவில் வந்து நின்றார்கள். கையில் டார்ச் இருந்தது.

“அம்மா!”

திரும்பிப் போடி என்று நொபுயோ கத்தினாள். வாயைத் திறக்காதே, காரில் ஏறு, போய்விடு என்று உயிர் இருந்த இடமெல்லாம் திரட்டிக் கத்தினாள். அவள் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பதிமூணு.”

டார்ச் வெளிச்சம் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. வரிசையில் நின்ற எல்லோரும், தெட்சுரோவும், மெல்லத் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார்கள். மௌனம். அம்மாவின் குரலை அடையாளம் கண்டுகொண்ட சாவோரி, படியிலிருந்து பனிக்குள் ஓர் அடி எடுத்து வைத்து, பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.